வண்டிக்கு முன்னால் வந்த சத்தம்

வண்டியை வாங்குவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கும்போதே அதன் சத்தம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலை, பால் போட்டுவிட்டுப் போன சைக்கிள் தெருமுனை திரும்பிய சற்று நேரத்தில், மோட்டார் சைக்கிள் ஒன்று தெருவுக்குள் நுழைவது கேட்டது. அது தண்ணீர்த் தொட்டி வீட்டைத் தாண்டி, கியரைக் குறைத்து, இரும்புக் கேட்டுக்கு முன்னால் ஒருமுறை உறுமி, உள்ளே வந்து, உடைந்த நாற்காலிகளும் பழைய பீரோவும் கிடந்த ஷெட்டில் நின்று, அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஷெட்டில் வண்டி எதுவும் இல்லை. பல்செட் அக்கா வாயில் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தாள். கை நீட்டினால் காற்று அதிர்ந்தது, அவ்வளவுதான். யாரு வந்திருக்கா என்று கணவர் உள்ளேயிருந்து கேட்டார். யாரும் இல்லை, வண்டிச் சத்தம் மட்டும் வந்திருக்கிறது என்று நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னாள். அவர் சரி என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேய்க்கப் போனார்.

அவள் அந்தச் சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து கொடுக்கும் கூடத்தை அவள் வீட்டு மாடியில் வைத்திருந்தாள். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. முந்தின வாரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கிழவரின் கீழ்ப்பல்வரிசையில் விரிசல் விழுந்துவிட்டது. முழங்கால் தேய்ந்து அவரால் வெளியே வர முடியாததால் சரிசெய்த பல்வரிசையை இவளே எடுத்துக்கொண்டு போனாள். கப்பல்களில் தலைமை எஞ்சினியராக இருந்தவர் அவர், எல்லோருக்கும் சீஃப். பிஸ்கட்டைக் கடித்து அவர் பல்லைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, வீட்டு முகப்பில் எதையோ மூடியிருந்த படுக்கை விரிப்பைக் காற்று தூக்கியது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பந்தய மோட்டார் சைக்கிள், பாயப்போகும் மிருகம் முன்னங்காலை மடக்கியதுபோல் குனிந்து நின்றது. அந்த ரகத்தில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நாட்டுக்குள் வந்திருந்தன. செய்த கம்பெனியே அதை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் அண்ணனுடைய வண்டியைத் திருட்டுத்தனமாக ஓட்டிய பல்செட் அக்காவின் கைகள் தாமாகவே விரிந்து மூடின. விற்பீங்களா என்று கேட்டாள். சீஃப் பல்லைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஓட்டுகிறவர்களுக்குத் தருவேன், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தரமாட்டேன் என்றார்.

மெக்கானிக்குக்கு அவசரம் என்று பெயர். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றி மூன்று முறை நடப்பவர் என்பதால் வந்த பட்டம். பல்செட் அக்காவின் ஸ்கூட்டரைப் பல வருடங்களாகப் பார்த்துவந்தவர் அவர்தான். ஷெட்டுக்கு வந்தார், வெறும் தரையில் குந்தினார், காதைச் சாய்த்தார், பீடியைப் பற்றவைக்க மறந்து விரலிடுக்கிலேயே வைத்திருந்தார். வண்டி இல்லாமல் சத்தத்துக்கு வைத்தியம் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றும், ஆனால் கூலி ஒன்றுதான் என்றும் சொன்னார். இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக்; இடது சிலிண்டர் இளைத்திருக்கிறது; கிளட்ச் வழுக்குகிறது; ஏதோ ஒரு வேகத்துக்கு மேல் ஏற மறுத்து இருமுகிறது.

"அக்கா, முதல்ல உதிரிப் பொருள் கிடைக்குதான்னு பாருங்க. அப்புறம் வண்டிய வாங்குங்க. வண்டிய வாங்கிட்டு பொருளுக்கு அலைஞ்சவன் எல்லாம் கடைசியில அதுமேல துணி காயப்போடுறான்" என்றார் அவசரம்.

கணவரின் அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று இவர்களோடு இருந்தவள், இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசினானாம் ஒருத்தன் என்றாள். நெய்க்கு இல்லை அண்ணி, எருமைக்குப் புல் கிடைக்குமா என்றுதான் பார்க்கிறோம் என்றாள் பல்செட் அக்கா. எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுத்து, சத்தம் அளக்கும் அதிகாரி ஒருவர் கருவியோடு வந்தார். அளவு கூடுதலாகத்தான் இருந்தது. வண்டி எண்ணைக் கேட்டார். வண்டி இல்லை என்றார்கள். ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தார், பீரோவைக்கூடத் திறந்து பார்த்தார். சட்டம் வண்டிகளைப் பற்றித்தான் பேசுகிறது, சத்தத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு எதிர்வீட்டுக்காரர் தினமும் காலையில் அது வருவதையே அலாரமாக வைத்துக்கொண்டு எழத் தொடங்கினார்.

பல்செட் அக்கா சீஃபிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முகப்புக்குப் போய், வண்டியின் கிக்கரைக் கையாலேயே அழுத்திக் காட்டினார். இரும்பு இறங்கி ஏறியது, ஒரு சின்ன க்ளிக் கூடக் கேட்கவில்லை. டாங்க்கைத் தட்டினார், அதுவும் ஊமை. தன் முழங்கால் தேய்ந்து வண்டி ஓட்டுவது நின்ற வருடத்தில் ஒருநாள் காலை இப்படி ஆகிவிட்டிருந்தது என்றும், எங்கே போனதென்று தெரியாமல் தெருத்தெருவாக ஆள்விட்டு விசாரித்தேன் என்றும் சொன்னார். "உங்க வீட்டுலதான் இருக்கா? சாப்பிடாம கொள்ளாம எங்கயாவது சுத்துதோன்னு நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே விரிப்பை இழுத்து வண்டியை மூடினார். பொருள் எல்லாம் சேர்த்துக்கொண்டு வா, வண்டி உனக்குத்தான் என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடியில் மெழுகை உருக்கும்போதும் பல்லை வரிசைப்படுத்தும்போதும் மனசு கியர் மாற்றிக்கொண்டேயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொருள் தேடிப் பஸ் ஏறினாள். சத்தம் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஓடிவந்தது; ஜன்னலோரம் இருந்தவர்கள் வெளியே பார்த்துவிட்டு, எதுவும் தெரியாததால் மறுபடி தூங்கினார்கள். மழை வலுத்தால் படியில் ஏறிக்கொள்ளும். கண்டக்டர் முறைப்பார். லக்கேஜுக்கு டிக்கெட் உண்டு, கோழிக்கு டிக்கெட் உண்டு, சத்தத்துக்கு என்ன போடுவது என்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போய்விடுவார். முதல் பழைய இரும்புக் கடையிலேயே ஒரு விஷயம் தெரிந்தது. மலைபோல் குவிந்த இரும்புக்கு முன் அவள் மலைத்து நிற்க, சத்தம் கடைக்குள் நுழைந்து ஒரு சுற்று வந்தது. குவியலின் அடியில் எலி ஓடுவதுபோல் எதுவோ கிடுகிடுத்தது. கடைக்காரர் தோண்டினார். அந்த வண்டிக்கு மட்டுமே பொருந்தும் கிளட்ச் பிளேட்டுகள், எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல், அவள் உள்ளங்கையில் வந்தும் நடுங்கிக்கொண்டிருந்தன. மற்ற இரும்பெல்லாம் அசையவில்லை. கடைக்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரன் குரல் கேட்டால் எதுவும் அசையும் என்றார்.

அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கிடைத்தது. துறைமுகத்து ஊரில் ஒரு படகோட்டி வலைக்கு எடையாகக் கட்டியிருந்த பிஸ்டன், மலையடிவார ஊரில் மூடிக்கிடந்த ஒரு வொர்க்‌ஷாப்பின் பரணில் ரிங்குகள், ஒரு வக்கீல் ஆபீஸ் கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்திருந்த சிலிண்டர் தலை. ஒவ்வொரு பொருளும் மாடியில் ஒரு அட்டைப்பெட்டியில் போய் உட்கார்ந்ததும் கீழே ஷெட்டில் சத்தம் கொஞ்சம் தேறியது. இடது சிலிண்டர் சதை பிடித்தது. கிளட்ச் வழுக்குவது நின்றது. அவசரம் வாரத்துக்கு ஒருமுறை வந்து காதைச் சாய்த்துவிட்டு, தேவலாம் தேவலாம் என்று டாக்டர்போல் சொல்லிவிட்டுப் போவார். தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் பெட்டி ஒரு சலூனில் கிடைத்தது. பேப்பர் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைத்திருந்தார் சலூன்காரர். அவள் வாசலில் நின்றதும் கண்ணாடி முன்னால் சீப்புகளெல்லாம் தாளம்போட, பாதிச் சவரத்தில் இருந்த வாடிக்கையாளர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். தம்பி ஓட்டிய வண்டியின் ஞாபகமாக மிஞ்சியது அது ஒன்றுதான், விற்பதற்கில்லை என்று சலூன்காரர் பொக்கை வாயால் சொன்னார். அவள் விற்கச் சொல்லவில்லை. பையிலிருந்து பல்வரிசைக்கு அச்செடுக்கும் தட்டை எடுத்து, வாயைத் திறங்க என்றாள். பத்து நாளில் மேலும் கீழும் புதுப் பல்வரிசையோடு திரும்பிப் போனாள். சலூன்காரர் கண்ணாடியில் தன் சிரிப்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

கணவர் பஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் போட்டுக் கொடுப்பவர், ஒரு நிமிடம் பிந்தினாலும் கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கும் ஆள். அவர் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. சத்தம் வெளியே போய்த் திரும்பும் நேரத்துக்குக் கேட்டைத் திறந்து வைக்கக்கூடப் பழகியிருந்தார். ஒரு சாயங்காலம் மாடிக்கு வந்து, அட்டைப்பெட்டியை எட்டிப் பார்த்து, ரிங் ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார்.

"வாங்கினா நெசமாவே ஓட்டுவியா?"

"பின்ன எதுக்குங்க வாங்குறேன்."

"எனக்கு பயமா இருக்கு. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், சொல்லிட்டேன்."

"எனக்கும்தான் இருக்கு. பயமும் சந்தோஷமும் ஒரே எடத்துலதான் இருக்கு, இங்க" என்று தொண்டைக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். அவர் ரிங்கைத் திருப்பி வைத்துவிட்டு, மறுநாள் அவளுக்கு ஒரு தலைக்கவசம் வாங்கிவந்தார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது ரப்பர். கார்புரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கும் ரப்பர் கழுத்துகள் இரண்டு. வண்டியில் இருந்தவை வெயிலில் கிடந்த செருப்புபோல் வெடித்திருந்தன. இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது என்றார் அவசரம். எங்கும் இல்லை. கடைசியில் தொலைதூரத்து வியாபாரி ஒருவன் புத்தம்புதியது இருப்பதாகப் படம் அனுப்பினான். பார்சல் வந்தது. பளபளப்பாக, பெட்டி முத்திரையோடு, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. அவள் அதை மாடிக்கு எடுத்துப் போன நொடியில் கீழே ஷெட்டில் சத்தம் நின்றது. மறுநாள் காலையும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் இரண்டு நாள் வேலைக்குத் தாமதமாகப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பல்செட் அக்கா பல்லைத் தலைகீழாக அடுக்கிவிட்டு மெழுகைச் சுரண்டினாள். வாங்குவதற்கு முன்பே இழந்துவிட்டேனோ என்று ஷெட்டின் வெறும் தரையில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே அண்ணி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் வண்டிக்கு என்ன கோவம்? ஒரு வாரமா எனக்கு காலையில காபியே ருசிக்கல" என்றாள் அண்ணி. கணக்கு வாத்தியார் அல்லவா, எது வந்தபோது எது போனது என்று யோசித்தவள் அவள்தான். இருவரும் மாடிக்குப் போய் அந்த ரப்பரைப் பெட்ரோல் கிண்ணத்தில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அது கூழாகி மிதந்தது. போலி. அண்ணி இடுக்கியால் தூக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்து மூடிய கையோடு, தெருமுனையில் கியர் குறையும் சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்துடுச்சு சனியன் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள்.

கிடைக்காத பொருளைச் செய்துதான் ஆகவேண்டும் என்று பல்செட் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. சீஃப் வீட்டு வண்டியிலிருந்து வெடித்த கழுத்துகளைக் கழற்றி வந்து, வெடிப்புகளை மெழுகால் நிரப்பி, தாடைக்கு அச்செடுக்கும் பசையில் அமுக்கி அச்செடுத்தாள். பெட்ரோல் தாங்கும் ரப்பருக்கு, பம்புகளுக்கு வாஷர் செய்யும் ஒருவர் வழிகாட்டினார். முதலில் ஊற்றியது அடைமழையில் ஊறிய கதவுபோல் உப்பியது. அடுத்தது பிஸ்கட்டாக உடைந்தது. சீஃபுக்கு முழங்கால் அறுவைச்சிகிச்சை முடிந்து அவர் வீட்டில் படுக்கையோடு இருந்த அந்த மாதத்தில்தான் சரியான ஜோடி வந்தது. பெட்ரோலில் கிடந்தும் கல்லுக்குண்டுபோல் அசையாமல் இருந்தது. கைப்பழக்கத்தில் ஈறுக்குப் போடும் வண்ணத்தைக் கலந்துவிட்டதால் நல்ல இளஞ்சிவப்பு. அவசரம் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இன்ஜினுக்கும் ஈறு வந்தாச்சு, இனி பல் முளைக்க வேண்டியதுதான் பாக்கி என்றார். கீழே சத்தம் முதல் தடவையாக அந்த இருமும் வேகத்தைத் தாண்டி மேலே ஏறியது. வீட்டு ஜன்னல்களெல்லாம் ஒரே சுரத்தில் பாடின. அண்ணி காபித் தம்ளரைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

அதே நேரத்தில் போன் அடித்தது. சீஃப். அவருடைய அக்கா மகன், வண்டி வீணாக இடத்தை அடைக்கிறது என்று, நெடுஞ்சாலையில் பெரிய ஓட்டல் வைத்திருக்கும் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டான். ஓட்டல்காரர் அதைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டப்போகிறார். "லாரி வந்துக்கிட்டிருக்கும்மா. என்னால எந்திரிக்க முடியல. நீ வா" என்றார் சீஃப். அவள் பெட்டியைத் தூக்கினாள். பஸ்ஸுக்கு நேரமில்லை என்று, நேரம் போடுகிறவரே சொன்னார். அவரே ஸ்கூட்டரை எடுத்தார், அவள் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்தாள். வாழ்நாளில் யாரையும் முந்தாத மனிதர் அன்று பாலத்தில் ஒரு கார், ஒரு வேன், ஒரு தண்ணி லாரி மூன்றையும் முந்தினார். சத்தம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. முழுக் குரலோடு முன்னால் பறந்துவிட்டது.

சீஃப் வீட்டுச் சந்து ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். வண்டியை ஏற்றிக்கொண்டு லாரி வெளியே வந்துகொண்டிருந்தபோது, எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் மிக வேகமாக வருவது டிரைவருக்குக் கேட்டது. ஒழுங்கான மனிதர், நிறுத்தினார். வந்தது நேராக லாரியின் முகப்புக்கு முன்னால் நின்று உறுமியது. ஆரன் அடித்தார், அதுவும் உறுமியது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே என்று அவர் லாரியைப் பின்னால் எடுத்து, சீஃப் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, போ ராசா என்று கையைக் காட்டினார். அது போகவில்லை. பல்செட் அக்கா ஸ்கூட்டரிலிருந்து குதித்து ஓடிவந்தபோது ஓட்டல்காரர் லாரியிலிருந்து இறங்கி, காலியாகக் கிடந்த சந்துப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். பேசி முடித்தாகிவிட்டது என்று மெல்லச் சொன்னார்.

"முடிச்சது வண்டியத்தானே? சத்தம் எங்க வீட்டுல இருக்கு" என்றாள் அவள், மூச்சு வாங்க. "நீங்க வண்டிய சுவத்துல மாட்டிக்கலாம். அது உங்க ஓட்டல் வாசல்ல வந்து தெனமும் நின்னு கூப்பிடும். உங்களுக்குப் பரவாயில்லையா?"

ஓட்டல்காரர் லாரியின் மேல் கயிறு கட்டி நின்ற வண்டியைப் பார்த்தார், சத்தம் நின்ற இடத்தைப் பார்த்தார். இரைச்சலைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு யாருக்கும் சோறு பரிமாற முடியாது என்றார். பிறகு தாமே ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். சுவரில் அடித்த கொக்கிகள் அப்படியே இருக்கட்டும், ஒரு படம் மாட்டிக்கொள்கிறேன் என்றார். அக்கா மகன் எதுவோ சொல்ல வாயெடுத்தான். உள்ளே படுக்கையிலிருந்து சீஃப் போட்ட கூப்பாட்டில் மூடிக்கொண்டான்.

அவசரம் வந்து முகப்பிலேயே இன்ஜினைப் பிரித்தார். ஓட்டல்காரர் வீட்டுக்குப் போகாமல் டாங்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை முடியும்வரை எல்லோருக்கும் சாப்பாடு அவர் கடையிலிருந்தே வந்தது. சத்தம் முற்றத்தில் ஒரு ஓரமாக, அடக்கிய குரலில், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் அப்பனைப்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பொருளும் தன் இடத்தில் போய் உட்கார உட்கார அது ஒரு அடி கிட்டே வந்தது. கடைசியாக இளஞ்சிவப்புக் கழுத்துகளை மாட்டி இறுக்கியதும், அவசரம் எழுந்து, வழக்கம்போல் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு, பல்செட் அக்காவைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் கிக்கரை மிதித்தாள். முதல் மிதிக்கு எதுவும் இல்லை. அடுத்ததற்குச் சத்தம் முற்றத்திலிருந்து எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைபவர்போல் நிதானமாக உள்ளே போனது. நீலப் புகை கிளம்பியது. இன்ஜின் நடுங்கியது. டாங்க்கில் கை வைத்திருந்த ஓட்டல்காரர், வெட்கப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்தும் மற்றதும் அன்றைக்கே முடிந்தன. தலைக்கவசத்தின் வாரைக் கணவர் மாட்டிவிட்டார், இரண்டு முறை இழுத்துப் பார்த்து இறுக்கினார். சீஃப் நடக்க உதவும் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அறுவைச்சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவையாக எழுந்து வாசல் கேட்டுவரை வந்தார். நல்லா ஓட்டு, பாவம் பார்க்காதே, அதுக்குப் பிடிக்காது என்றார். அவள் கிளட்ச்சை விட்டாள். சந்து பின்னால் போயிற்று, கடைகள் போயின, காற்று சட்டைக்குள் புகுந்து முதுகில் தட்டியது. கடைசிக் கடையைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டர் பிடியை முறுக்கினாள். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, அவள் வயிற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு முன்னால் பாய்ந்தது. ஐம்பது வயதில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு தன் காதிலேயே தெளிவாக விழுந்தபோதுதான் கவனித்தாள்: வண்டி ஓடுகிறது, சத்தம் இல்லை. சத்தம் வாசல் கேட் அருகிலேயே, சீஃப் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தது.

அவள் பதறவில்லை. பாலத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, கைப்பிடிச் சுவருக்குக் கீழே தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் பின்னால் வந்த கணவர் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றுமில்லை, சீஃபிடம் சொல்லிக்கொண்டு வருகிறது என்றாள். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் பக்கத்தில் நின்றார். வாசலில் விடைபெறுகிறவர்கள் செருப்பை மாட்டிய பிறகும் கொஞ்சம் பேசத்தான் செய்வார்கள். நாலைந்து பஸ்கள் கடந்தன. பிறகு சந்துப் பக்கமிருந்து அது வந்தது, அவசரமில்லாமல், கியர் கியராக ஏறி. பாலத்தில் நுழைந்து, வேகம் குறைத்து, அவளுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அவள் காலை எடுத்தாள்.